மொழி வகுப்புக்குப் பாடக்குறிப்பு எழுதுவது எப்படி? விரிவாகத் திட்டமிட்டும் மாணவர்கள் பேச வரும்போது தடுமாறுகிறார்களே?

கடைசி 15 நிமிடத்தை முதலில் எழுதுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

வயது வந்தவர்களுக்குத் தமிழை இரண்டாம் மொழியாகச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆரம்பத்தில் இலக்கண வரிசையில்தான் குறிப்பு எழுதுவேன். ஒரு வகுப்பில் 40 நிமிடம் 'கு' உருபு நடத்தினேன். நான் - எனக்கு, நீங்கள் - உங்களுக்கு என்று பலகை முழுக்க அட்டவணை. பயிற்சித் தாளில் யாருக்கும் ஒரு தவறுகூட இல்லை. கிளம்பும்போது ஒருவர் வாசலில் நின்று, "அடுத்த வாரம் வர மாட்டேன். நான் வேலை இருக்கிறேன்" என்றார். அவர் கையிலிருந்த நோட்டில் 'எனக்கு வேலை இருக்கிறது' என்று தெளிவாக எழுதியிருந்தது.

அன்றிரவு என் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். விளக்குதல், எழுதிப்போடுதல், கேள்வி கேட்டல் என்று எல்லாமே நான் செய்ய வேண்டியவை. அந்த ஒரு மணி நேரத்தில் அவர் அந்த வாக்கியத்தை வாய்திறந்து சொல்ல வேண்டிய அவசியம் ஒருமுறைகூட வந்திருக்கவில்லை.

அதே பாடத்தை இப்போது இப்படி அமைக்கிறேன். கடைசி 15 நிமிடத்துக்கு ஒரு வேலை: இருவர் இருவராக உட்கார்வார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு வார வேலைகள் எழுதிய அட்டை. அடுத்தவர் அட்டையைப் பார்க்கக் கூடாது. இருவரும் சந்திக்க ஒரு நேரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். "செவ்வாய் நாலு மணிக்கு உங்களுக்கு நேரம் இருக்கா?" "இல்ல, எனக்கு வேலை இருக்கு." கேட்காமல் வேலை முடியாது, 'கு' இல்லாமல் கேட்கவும் முடியாது. (பேச்சுக்கான வகுப்பில் பேச்சு வடிவத்தையே கொடுத்துவிடுங்கள். எழுத்து வடிவம் எழுதும் நாளில் வரட்டும்.)

இதை முடிவுசெய்த பிறகு பின்னோக்கி வாருங்கள். இந்த வேலைக்கு என்னென்ன வேண்டும்? கிழமைகள், மணி, மூன்று வாக்கிய அமைப்புகள், ஏழெட்டுப் புதிய சொற்கள். இதில் சேராத எதுவும் அன்றைக்கு வேண்டாம். கடைசி வேலைக்கு முன்னால் இதே மாதிரி ஓர் உரையாடலை இரண்டு முறை கேட்க வையுங்கள், பிறகு விதியைச் சுருக்கமாகச் சொல்லுங்கள், பிறகு சின்னப் பயிற்சி. விளக்கத்துக்கு 10 நிமிடம் தாராளம்.

முதல் 5 நிமிடம் பழைய பாடத்துக்கு. நோட்டை மூடிவிட்டுப் போன வாரச் சொற்களை நினைவிலிருந்து சொல்ல வேண்டும். படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் எப்பிங்ஹாஸ் தன்னையே சோதித்துப் பார்த்து 1885இல் வெளியிட்டார். மாணவர்கள் மறப்பது அவர்கள் குற்றமல்ல. திரும்ப எடுக்கும் வாய்ப்பை இடைவெளி விட்டு நாம்தான் குறிப்பில் எழுதிவைக்க வேண்டும்.

நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் சொல்லும் ஒரு கணக்கு எனக்கு மிகவும் உதவியது. பொருள் புரிந்து கேட்பது, படிப்பது ஒரு பங்கு. பொருள்படப் பேசுவது, எழுதுவது ஒரு பங்கு. விதி, சொல், உச்சரிப்பு ஒரு பங்கு. ஏற்கெனவே தெரிந்ததைச் சரளமாக்குவது ஒரு பங்கு. நான்குக்கும் ஏறக்குறைய சம நேரம். ஒரே நாளில் நான்கும் வர வேண்டியதில்லை, மாதக் கணக்கில் பார்த்தால் போதும். என் பழைய குறிப்புகளில் மூன்றாவது பங்குதான் எல்லாவற்றையும் விழுங்கியிருந்தது, நான்காவது இல்லவே இல்லை. அதற்கு எளிய வழி, ஒரே விஷயத்தை ஒருவரிடம் 4 நிமிடம், வேறொருவரிடம் 3 நிமிடம், இன்னொருவரிடம் 2 நிமிடம் சொல்ல வைப்பது. மூன்றாவது முறை தடங்கல் குறைவதை நீங்களே காதால் கேட்கலாம்.

வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும் வாக்கியங்களை வார்த்தை மாறாமல் குறிப்பில் எழுதுங்கள். "உங்கள் அட்டையில் உள்ள விவரங்களை வெளிப்படுத்தாமல் உரையாடவும்" என்றால் பாடத்தைவிட அதுதான் கடினம். "காட்டாதீங்க. கேளுங்க." அவ்வளவு போதும்.

நேரம் போதாமல் போகும், கட்டாயம் போகும். எதை விடலாம் என்று முன்கூட்டியே பென்சிலால் குறித்துவையுங்கள். பயிற்சித் தாளை விடலாம், விளக்கத்தைப் பாதியாக்கலாம். கடைசி வேலையை மட்டும் தொடாதீர்கள்.

அந்த 15 நிமிடமும் நான் பேசுவதில்லை. இருக்கைகளுக்கு நடுவே நடந்து, காதில் விழும் தவறான வாக்கியங்களில் மூன்றை மட்டும் எழுதிக்கொள்வேன். அடுத்த வகுப்புக் குறிப்பின் முதல் வரி அவைதான்.