டகோட்டாவின் கதவும் ஜங்கர்ஸின் மடிப்பும்: மாடல் செய்பவர்களின் கேள்விகள்

பிளாஸ்டிக் விமான மாடல் செய்பவர்களிடமிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி டகோட்டா பற்றியவை; அமெரிக்கர்கள் சி-47 என்று அழைத்த இரண்டாம் உலகப்போர் போக்குவரத்து விமானத்துக்குப் பிரிட்டிஷார் வைத்த பெயர் அது. மிச்சம் ஜங்கர்ஸ், அதாவது ஜெர்மனியின் மூன்று என்ஜின் போக்குவரத்து விமானமான ஜு-52. குண்டுவீச்சு விமானம் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பதில் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

அருங்காட்சியகத்தில் நானே எடுத்த படங்களை வைத்து 1/72 அளவில் (நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு) சி-47 செய்கிறேன். கிட்டில், அதாவது ஒட்டிச் சேர்க்கும் பாகங்கள் அடங்கிய பெட்டியில், அகலமான இரட்டைக் கதவு இருக்கிறது. படத்திலோ சின்ன ஒற்றைக் கதவு. எதை நம்புவது?

இந்த விஷயத்தில் கிட்டை நம்புங்கள். சி-47 என்றாலே இடப்பக்கம், இறக்கைக்குப் பின்னால், ஜீப்பையே ஏற்றும் அளவுக்கு இரண்டு மடல் கொண்ட சரக்குக் கதவு. அதன் முன்மடலுக்குள்ளேயே ஆள் போய்வர ஒரு சிறு கதவு உண்டு. நீங்கள் படமெடுத்தது பயணிகளுக்கென்றே பிறந்த டிசி-3, அதாவது சி-47-இன் மூல வடிவமாக இருக்கலாம். பாராசூட் வீரர்களுக்காக வந்த அதன் இன்னொரு வகையான சி-53 ஆகவும் இருக்கலாம். அதற்குப் பெரிய கதவு கிடையாது. இல்லாவிட்டால், அசல் சி-47 தான் போருக்குப் பிறகு ஏதோ ஒரு விமான நிறுவனத்துக்குப் போய்க் கதவை மாற்றிக்கொண்டு வந்திருக்கும்.

இந்த மூன்றாவதுதான் நம்மைக் கவிழ்ப்பது. சி-47 பத்தாயிரத்துக்கு மேல் கட்டப்பட்டது. அதில் இன்றுவரை பிழைத்திருப்பவை பெரும்பாலும் சண்டை முடிந்தபின் பல காலம் உழைத்துச் சம்பாதித்தவை. சம்பாதிக்கும் விமானத்தை யாரும் 1944-இல் இருந்தபடி விட்டுவைப்பதில்லை. 'தட்ஸ் ஆல், பிரதர்' கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1944 ஜூனில் நேச நாடுகள் பிரான்சின் நார்மண்டியில் படையிறக்கிய இரவில் பாராசூட் வீரர்களைச் சுமந்த முதன்மை அணிக்குத் தலைமை தாங்கிப் பறந்த சி-47 அது. 2015-இல் அமெரிக்காவின் ஆஷ்காஷில் கண்டுபிடிக்கப்பட்டபோது, டர்போப்ராப் (ப்ரொபெல்லரைச் சுழற்றும் நவீன டர்பைன்) என்ஜின் பொருத்துவதற்காக அறுபடக் காத்திருந்தது. மீட்டுச் சரிசெய்து 2018 தொடக்கத்தில் மறுபடி பறக்கவிட்டார்கள்.

ஆகவே என் வழி இது: உடலின் வளைவு, தகடுகள் சேரும் இடம், சக்கரக் கால்களின் அமைப்பு, என்ஜின் மூடியின் வடிவம் இவற்றுக்கு இன்றைய விமானத்தைப் பாருங்கள். ஆன்டெனா, கதவு, இருக்கை, பெயின்ட் இவற்றுக்குப் போர்க்காலக் கறுப்பு வெள்ளைப் படம்தான் சாட்சி. வால் நுனியையும் கவனியுங்கள். கிளைடர் எனும் என்ஜின் இல்லாத விமானத்தை இழுக்கும் கொக்கிக்காகப் போர்க்கால சி-47களில் அந்த முனை வெட்டுப்பட்டு நிற்கும். பின்னாளில் பலவற்றுக்குக் கூர்மையான கூம்பைத் திருப்பி மாட்டிவிட்டார்கள்.

மூக்கில் எத்தனை கிராம் எடை வைக்க வேண்டும்?

ஒன்றும் வேண்டாம். மூக்குச் சக்கரம் உள்ள மாடல் வால் பக்கம் சாயாமலிருக்கத்தான் அந்த எடை. இது வால் சக்கரத்தில் உட்காரும் விமானம்.

நார்மண்டிப் பட்டைகளை நூல் பிடித்ததுபோல் அடிக்க வேண்டுமா? அகலம் எவ்வளவு?

சொந்தப் படையே சுட்டுவிடாமலிருக்க நேச நாட்டு விமானங்களின் இறக்கையிலும் உடலிலும் அடித்த அடையாளப் பட்டைகள் இவை. இரட்டை என்ஜின் விமானத்துக்கு ஒரு பட்டை 24 அங்குலம். 1/72 அளவில் கிட்டத்தட்ட 8.5 மில்லிமீட்டர், 1/48-இல் 12.7. வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை என மொத்தம் ஐந்து. 1/72-இல் 42 மில்லிமீட்டருக்கு முதலில் வெள்ளையை அடித்துவிட்டு, காய்ந்தபின் இரண்டு கறுப்புக்கு மட்டும் டேப் ஒட்டினால் வேலை பாதியாகும்.

நேர்த்தியைப் பொறுத்தவரை, இந்தப் பட்டைகள் படையெடுப்புக்குச் சில நாள் முன்னால், ரகசியம் காக்க வேண்டிக் கடைசி நேரத்தில், கையில் கிடைத்த தூரிகையால் அவசரமாக அடிக்கப்பட்டவை. ஓரம் அலையும், வெள்ளைக்கு அடியில் ஆலிவ் பச்சை தெரியும். அதற்காக வேண்டுமென்றே கோணலாக அடித்து 'இதுதான் அசல்' என்று சொல்லிக்கொள்வதும் எனக்குப் பிடிப்பதில்லை. டேப் ஒட்டி அடியுங்கள். அப்புறம் ஓரத்தை மட்டும் மெல்லிய தூரிகையால் இரண்டு மூன்று இடத்தில் கலைத்துவிடுங்கள், போதும். இன்று பறக்கும் விமானங்களில் பட்டை கண்ணாடிபோல் மின்னும். அது பராமரிப்பவர்களின் அன்பு; அதை நாம் காப்பியடிக்க வேண்டியதில்லை.

கதவைத் திறந்து வைக்கப் போகிறேன். உள்ளே என்னென்ன தெரியும்?

சுவரோரம் இருபக்கமும் நீளவாக்கில் மடக்கு இருக்கைகள். தரையில் சரக்கு கட்டும் வளையங்கள். கூரையோரம் நீளமாக ஓடும் இரும்புக் கம்பிவடம். வீரர்கள் தங்கள் பாராசூட் வாரின் கொக்கியை மாட்டுவது இதில்தான். எல்லாரும் குதித்து முடித்ததும் அந்த வார்கள் கதவுக்கு வெளியே கொத்தாகக் காற்றில் அடித்துக்கொண்டிருக்கும். விமானத்தைப் பறக்கும் நிலையில் வைப்பவர்கள் தையல் நூலை மெழுகில் தோய்த்து இதைச் செய்து பாருங்கள், பார்ப்பவர்கள் முதலில் கேட்பதே அதைப் பற்றித்தான். கதவருகே சிவப்பு, பச்சை விளக்குகள். குதிப்பவரின் உடுப்பு மாட்டிக்கொள்ளாமலிருக்கக் கதவோர விளிம்புகளிலும் கீல்களிலும் டேப் சுற்றியிருப்பார்கள். 1/48-இல் அது கண்ணுக்குத் தெரியும்.

பலர் விட்டுவிடுவது ஜன்னலை. கண்ணாடியின் நடுவே ஒரு சிறு வட்ட அடைப்பு இருக்கும். அதைப் பிடுங்கிவிட்டு உள்ளிருந்து துப்பாக்கியை நீட்டலாம் என்பது அன்றைய யோசனை. கூரான பேனாவால் ஒரு புள்ளி வைத்தால் ஆயிற்று.

மோனோகிராம் நிறுவனத்தின் பழைய 1/48 கிட் கையில் இருக்கிறது. ரிவெட் எல்லாம் புடைத்து நிற்கிறது. தேய்த்துவிடலாமா?

நான் தேய்த்தேன். இரண்டு இரவு உட்கார்ந்து உப்புத்தாளால் வழுவழுவென்று ஆக்கியபிறகுதான் நிஜ விமானத்தின் நெருக்கப் படங்களை ஒழுங்காகப் பார்த்தேன். டகோட்டாவின் ரிவெட்டுகள் நிஜமாகவே தலை தூக்கி நிற்பவை! ரிவெட் வழுவழுப்பாக இருக்கும் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தில் பழகிய கண் செய்த வேலை. நீங்கள் இணைப்புக் கோட்டருகே மட்டும் தேயுங்கள். மற்ற இடத்தில் மெல்லிய வாஷ் (நீர்த்த கருநிறப் பெயின்ட்) ஒன்று கொடுத்தால் அந்தப் புடைப்பே உங்களுக்கு உழைக்கும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: விமானத்தைத் திருப்பும் அசையும் மடல்களான சுக்கான், எலிவேட்டர் (வாலில்), எய்லரான் (இறக்கையில்) மூன்றும் துணி போர்த்தியவை. அங்கே ரிவெட் வரிசை இராது. உலோகப் பகுதியைவிடச் சற்று மங்கலான பூச்சு பொருந்தும்.

ஜங்கர்ஸ் ஜு-52-இல் பக்க என்ஜின்கள் வெளிப்பக்கம் திரும்பி நிற்கின்றன. கிட் கோணலா, நான் கோணலா?

இருவரும் இல்லை. நிஜத்திலும் அப்படித்தான். முன்விளிம்பு பின்னோக்கிச் சாய்ந்த இறக்கைக்குச் செங்குத்தாக அந்த என்ஜின்கள் பொருத்தப்பட்டவை. நேராக்கிவிடாதீர்கள்.

ஆனால் ஜு-52 செய்பவர்களுக்குப் பெரிய பொறி வேறு இடத்தில். அருங்காட்சியகங்களில் நிற்பவற்றில் பல, ஜு-52-இன் மறுபதிப்பாகப் போருக்குப் பின் ஸ்பெயினில் கட்டிய காசா 352 அல்லது பிரான்சில் கட்டிய ஏஏசி.1. இங்கிலாந்தில் காஸ்ஃபோர்டில் இருப்பது முதல் வகை, டக்ஸ்ஃபோர்டில் இருப்பது இரண்டாவது. ஜெர்மன் விமான நிறுவனமான லுஃப்டான்சா பாதுகாத்த விமானம் 1936-இல் பிறந்த அசல்தான். ஆனால் அதில் பின்னாளில் அமெரிக்க என்ஜினும் மூன்று இதழ் ப்ரொபெல்லரும் ஏறிவிட்டன. போர்க்கால ஜெர்மன் போக்குவரத்து விமானத்துக்கு இரண்டு இதழ்தான் வழக்கம். கலப்படம் குறைந்த சாட்சி வேண்டுமென்றால் நார்வே பக்கம் பாருங்கள். 1940 ஏப்ரலில் ஹார்ட்விக் ஏரியின் பனி மேல் இறங்கி, பனி உருகியதும் மூழ்கிய சில விமானங்களை 1980களில் தூக்கினார்கள். அதில் ஒன்று கார்டர்மோன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஜு-52-இன் உடலைப் போர்த்தியிருக்கும் நெளிவு நெளிவான உலோகத் தகட்டின் மடிப்புக்கு ஒரு யோசனை: இணைப்பில் புட்டி வேண்டாம். புட்டியைத் தேய்த்தால் மடிப்பும் சேர்ந்து போகும். பிளாஸ்டிக்கை இளக்கும் திரவப் பசையைப் பாய்ச்சி அழுத்தினால் பிதுங்கும் பிளாஸ்டிக்கே இடைவெளியை நிரப்பிவிடும். காய்ந்தபின் பள்ளங்களை மட்டும் ஊசியால் கீறி எடுங்கள்.

இந்திய விமானப்படையின் 'பரசுராமா' டகோட்டாவைச் செய்தால் அது 1947 ஸ்ரீநகர் விமானம்தானே?

இல்லை. 1947 அக்டோபர் 27 அன்று சீக்கியப் படைவீரர்களுடன் ஸ்ரீநகரில் முதலில் இறங்கிய டகோட்டாவின் எண் விபி 905. 'பரசுராமா' பிரிட்டனில் புதுப்பிக்கப்பட்டு 2018-இல் விமானப்படையிடம் வந்த வேறொரு டகோட்டா. மரியாதைக்காக அதே எண்ணைத் தாங்கியிருக்கிறது. அதன் இன்றைய பூச்சோடு செய்தால் அடிப்பலகையில் 2018 என்று எழுதுங்கள். 1947 என்று எழுத ஆசையானால் அந்தக் காலத்துப் படத்தைத் தேடி எடுங்கள்.

பர்மாவில் பறந்த பிரிட்டிஷ் டகோட்டாவின் டீக்கால் தாளில் (மாடலில் ஒட்டும் அடையாளப் படங்கள்) விமானப்படையின் வட்டச் சின்னத்தின் நடுவே சிவப்பே இல்லை. அச்சுப் பிழையா?

சரியாகத்தான் அச்சிட்டிருக்கிறார்கள். ஜப்பானிய விமானத்தின் அடையாளம் சிவப்பு வட்டம். நடுவில் சிவப்பைப் பார்த்ததும் சொந்த ஆட்களே சுட்டுவிடக் கூடாதென்று அந்தப் போர்முனையில் சிவப்பை நீக்கிவிட்டார்கள். கை துறுதுறுத்து நடுவில் சிவப்புப் புள்ளி வைத்துவிடாதீர்கள்.