ஊர் அகலம், ஆள் குறைவு: குடிபோகலாமா? கேள்வி பதில்

நகரமைப்புப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பெரிய நகரத்தை விட்டு, பாதி நகரமும் பாதி கிராமமுமாகப் பரந்து கிடக்கும் ஓர் ஊருக்கு வந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. தண்ணீர், சாலை, தூரம், கழிவுநீர் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள். கடன், வரி, பத்திரம் பற்றிக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவேன்.

நகரவாசி: மூன்று வார இறுதிகள் போய்ப் பார்த்துவிட்டோம். மரம், காற்று, அமைதி. மனசு அங்கேயே நிற்கிறது. வீட்டை விற்றுவிட்டுப் போய்விடலாமா?

வார இறுதியில் நீங்கள் பார்த்தது ஊரை அல்ல, உங்கள் விடுமுறையை. ஒரு செவ்வாய்க்கிழமை போங்கள். கையில் ஒரு வேலைப் பட்டியல் இருக்கட்டும்: மருந்து வாங்க வேண்டும், வண்டி டயருக்குப் பஞ்சர் போட வேண்டும், ஓர் ஆவணத்தை நகலெடுக்க வேண்டும், மளிகை வாங்க வேண்டும். நகரத்தில் இது ஒரு தெருச் சுற்று. அங்கே நான்கும் நான்கு மூலையில் இருக்கும். முடிக்க எத்தனை மணி நேரம் ஆனது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள்.

1998இல் உளவியல் ஆய்வாளர்கள் டேனியல் கானமனும் டேவிட் ஷ்கேடும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அமெரிக்காவின் நடுமேற்கிலும் தெற்குக் கலிபோர்னியாவிலும் படித்த மாணவர்களிடம் கேட்டதில், கலிபோர்னியாக்காரர்கள்தான் அதிக மகிழ்ச்சியாக இருப்பார்கள் என்று இரு பக்கத்தாரும் நினைத்தார்கள். ஆனால் அவரவர் வாழ்க்கை எப்படி என்று கேட்டபோது இரு ஊரிலும் திருப்தி ஒரே அளவுதான். ஊரை ஒப்பிடும்போது கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவதை மட்டும் எடை போடுகிறோம். மரம் பளிச்சென்று தெரியும். நகலெடுக்கும் கடைக்கு 14 கிலோமீட்டர் என்பது தெரியாது.

விற்காதீர்கள். அங்கே ஓராண்டு வாடகைக்கு இருங்கள். ஒரு மழையும் ஒரு வெயிலும் அந்த வீட்டில் கழியட்டும்.

தூக்கம் வராதவர்: அமைதி நிஜமாகவே அமைதிதானா?

முதல் இரவு நான் தூங்கவில்லை. ஃபிரிட்ஜ் மோட்டார் நின்று நின்று ஓடுவது படுக்கையறை வரை கேட்டது. பழைய வீட்டிலும் அதே ஃபிரிட்ஜ்தான், ஒருநாள்கூட அதன் சத்தத்தைக் கவனித்ததில்லை. பின்னணி இரைச்சல் இல்லாத இடத்தில் சின்னச் சத்தமும் பெரிதாகும். ஒரு கிலோமீட்டர் தள்ளி நாய் குரைத்தாலும் எழுந்துவிடுவீர்கள். இரண்டு மாதத்தில் பழகிவிடும். சுற்றுவட்டாரத்தில் கல் உடைக்கும் ஆலையோ கோழிப் பண்ணையோ இருக்கிறதா என்று மட்டும் முன்பே பார்த்துவிடுங்கள். அதெல்லாம் பழகாது.

தினப் பயணி: அலுவலகம் 45 கி.மீ. நெரிசலே இல்லாத சாலை. சமாளிக்கலாமா?

கிலோமீட்டரைச் சொல்லாதீர்கள், நிமிடத்தைச் சொல்லுங்கள். மனிதர்கள் ஒரு நாளில் சராசரியாக ஒரு மணி நேரப் பயணத்தைத்தான் ஏற்றுக்கொள்கிறார்கள் என்று இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்கெட்டி 1994இல் எழுதினார். உங்களுக்குப் போக வர ஒன்றரை மணிக்குக் குறையாது. வாரத்தில் இரண்டு நாள் என்றால் சரி. ஐந்து நாள் என்றால் அந்த அமைதியான வீட்டை இருட்டில் மட்டும்தான் பார்ப்பீர்கள்.

ஒரு மகள்: அப்பாவுக்கு 71 வயது, ஒருமுறை மாரடைப்பு வந்தவர். நகரப் புகை ஆகவில்லை. அங்கே கூட்டிப் போகலாமா?

நல்ல காற்று அவருக்கு நல்லதுதான். ஆனால் இதயம் நின்றுபோனால், உடனே மார்பை அழுத்தி முதலுதவி செய்யாவிட்டால், பிழைக்கும் வாய்ப்பு நிமிடத்துக்கு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதுவும் மூளையை ஸ்கேன் செய்து பார்த்த பிறகுதான் போட முடியும். ஆகவே "பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறது" என்ற பேச்சை நம்பாதீர்கள். நேரில் போய்க் கேளுங்கள்: ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்கேன் எடுப்பீர்களா? இதய மருத்துவர் எங்கிருந்து வர வேண்டும்? ஆம்புலன்ஸ் எங்கே நிற்கிறது? வீட்டு வாசலிலிருந்து நீங்களே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

முப்பது நிமிடத்துக்குள் என்றால் போங்கள், வீட்டில் எல்லாரும் முதலுதவி கற்றுக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் என்றால், உங்களை மகள் ஸ்தானத்தில் வைத்துச் சொல்கிறேன், அந்த ஊரின் மையத்திலேயே வீடு பாருங்கள். மரம் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும்.

கணினிக்காரன்: வீட்டிலிருந்தே வேலை. இணையம்?

கம்பி வருகிறதா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள், விளம்பரத்தில் பார்க்காதீர்கள். செயற்கைக்கோள் இணைப்பு என்றால் எந்த வகை என்பது முக்கியம். சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் நிற்கும் கோள் வழியாகப் போய்த் திரும்ப அரை விநாடி பிடிக்கும். வீடியோ அழைப்பில் இருவரும் ஒரே நேரத்தில் பேசித் தொலைப்பீர்கள். சில நூறு கி.மீ. உயரத்தில் சுற்றும் கோள்களில் அந்தத் தொல்லை இல்லை. எதுவானாலும் மோடத்துக்கு ஒரு யுபிஎஸ் வாங்குங்கள்.

புதுமணத் தம்பதி: மனை வாங்கிக் கட்டலாமா, கட்டிய வீடா?

முதலில் வாடகை. ஓராண்டு.

இரு பிள்ளைகளின் அம்மா: பிள்ளைகளுக்கு அங்கே நல்லதா?

பன்னிரண்டு வயது வரை சொர்க்கம். அதன் பிறகு நண்பன் வீடு, விளையாட்டு, டியூஷன் எல்லாவற்றுக்கும் ஓட்டுநர் நீங்கள்தான். பஸ் வருமா என்று கேட்பீர்கள். அதைக் கீழே சொல்கிறேன்.

மொட்டைமாடி: நான் அப்படிப்பட்ட ஊரில் ஆறு ஆண்டாக இருக்கிறேன் சார். வரி ஒழுங்காகக் கட்டுகிறோம். குடிநீர்க் குழாய் இல்லை, பஸ் இல்லை, பாதாளச் சாக்கடை இல்லை. மையத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் எல்லாம். இது ஓரவஞ்சனை இல்லையா?

வாருங்கள், இதற்காகத்தான் காத்திருந்தேன். ஒரு தாள் எடுங்கள். தெருவின் இரு பக்கமும் வீடு. ஒவ்வொரு மனையின் முகப்பும் 10 மீட்டர் என்றால், ஒரு வீட்டின் பங்குக்கு வரும் குழாய் 5 மீட்டர். முகப்பு 50 மீட்டர் என்றால் 25 மீட்டர். சாலை, விளக்குக் கம்பம், குப்பை வண்டி ஓடும் தூரம் எல்லாம் அதே ஐந்து மடங்கு. நீங்கள் ஐந்து மடங்கு வரி கட்டுகிறீர்களா?

பஸ்ஸும் இப்படித்தான். நிறுத்தத்துக்கு மக்கள் மனமுவந்து நடப்பது ஏறக்குறைய 400 மீட்டர். அந்த வட்டத்துக்குள் சுமார் 50 ஹெக்டேர் இருக்கும். ஹெக்டேருக்கு 40 வீடு என்றால் ஒரு நிறுத்தத்துக்கு 2,000 வீடுகள். ஹெக்டேருக்கு 2 வீடு என்றால் நூறே வீடு. நூறு வீட்டை நம்பி பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் யார் விடுவார்?

மொட்டைமாடி: அப்படியானால் நாங்கள் மனிதர்கள் இல்லையா? குழாய் போட்டால் ஒருமுறைச் செலவுதானே?

ஒருமுறைச் செலவு இல்லை என்பதுதான் விஷயம். நீளமான குழாயில் எடுப்பவர் குறைவு என்றால் தண்ணீர் உள்ளேயே தேங்கும். கிருமிக்காகச் சேர்த்த குளோரின் கடைசி வீட்டுக்குப் போவதற்குள் தீர்ந்துவிடும். அதனால் ஆள் போய்க் கடைக்கோடி வால்வைத் திறந்து நல்ல தண்ணீரையே வெளியே விட வேண்டும். பணிக்காலத்தில் எத்தனையோ முறை அந்த வால்வுக்குப் பக்கத்தில் நின்று, பழுப்பு நிறம் தெளியும்வரை காத்திருக்கிறேன். சாலையோரச் செடிகளுக்குக் கொண்டாட்டம்.

சோலார் பிரியர்: குறுக்கே வருகிறேன். இனிமேல் குழாயே எதற்கு? கூரையில் சோலார், தோட்டத்தில் போர்வெல், பின்னால் செப்டிக் டேங்க். யார் தயவும் வேண்டாம்.

செய்யலாம், நானும் அப்படித்தான் இருக்கிறேன். ஆனால் அப்போது குடிநீர் வாரியமும் நீங்கள்தான், கழிவுநீர் வாரியமும் நீங்கள்தான். செப்டிக் டேங்கை மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை உறிஞ்சி எடுக்க வேண்டும். லாரி உள்ளே வர வழி விட்டுக் கட்டியிருக்க வேண்டும். கிணற்று நீரை ஆண்டுக்கு ஒருமுறை சோதனைக்குக் கொடுக்க வேண்டும். வயல் பக்கம் என்றால், உரத்திலிருந்து நிலத்தடி நீரில் கலக்கும் நைட்ரேட் என்ற உப்பைக் கட்டாயம் பாருங்கள். லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. பால்குடிக் குழந்தைக்கு அது ஆபத்து. காய்ச்சினால் போகாது, தண்ணீர் ஆவியாக ஆவியாக அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

நான் வந்த இரண்டாம் ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி மோட்டார் எரிந்துபோனது. மெக்கானிக் திங்கட்கிழமைதான் வந்தார். மூன்று நாள் நானும் மனைவியும் தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீரைக் குவளையால் அளந்து செலவழித்தோம். இப்போது கொட்டகையில் இரண்டாவது மோட்டார் தயாராக இருக்கிறது. யார் தயவும் வேண்டாம் என்பதற்கு அர்த்தம் எல்லாவற்றிலும் இரண்டு வேண்டும் என்பதுதான்.

மொட்டைமாடி: எல்லாம் சரி. விரிந்து கட்ட அனுமதி கொடுத்தது யார்? உங்கள் நகரமைப்புக்காரர்கள்தானே?

அடி சரியான இடத்தில் விழுந்தது. ஆமாம், நாங்கள்தான். வரைபடத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் உண்டு. மனை விற்கும்போது "குழாய் வரும்" என்று சொல்லப்பட்டது, எப்போது என்று யாரும் எழுதித் தரவில்லை. வாங்குபவர்களும் கேட்கவில்லை. இனி வாங்குபவராவது வரப்போவதைக் கணக்கில் சேர்க்காமல், இன்று இருப்பதை மட்டும் பார்த்து விலை பேசட்டும்.

அவசரக்காரர்: நல்ல மனை கைநழுவிப் போகும் போலிருக்கிறது. உடனே வாங்கிவிடவா?

மேலே படியுங்கள். ஓராண்டு வாடகை.

ஓய்வு பெறப் போகிறவர்: வாடகைப் பணம் வீண்தானே ஐயா? நேராகவே வாங்கிவிட்டால்?

ஐயா, நான்காவது முறையாகச் சொல்கிறேன். நெருக்கமான ஊரில் வீட்டை விற்பது எளிது, ஆள் குறைந்த ஊரில் வாங்க ஆள் கிடைக்கவே மாதக்கணக்காகும். அங்கிருந்து வெளியேறும் வழிக்கான விலைதான் அந்த வாடகை. உங்களுக்கு இன்னொன்று: 80 வயதில் கண் மங்கி வண்டி ஓட்ட முடியாதபோது என்ன செய்வீர்கள் என்பதை இப்போதே எழுதி வையுங்கள்.

தனியாள்: பேச்சுத் துணை கிடைக்குமா?

தானாகக் கிடைக்காது. அறிமுகமானவர் நண்பராக ஏறக்குறைய 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டும் என்று ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வில் கணக்கிட்டார். அடர்ந்த ஊரில் படிக்கட்டிலும் வரிசையிலும் அந்த மணிகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். இங்கே வாரம் தவறாமல் ஒரே இடத்துக்கு, ஒரே நேரத்துக்குப் போக வேண்டும். எனக்கு நூலகத்தின் சனிக்கிழமை சதுரங்கம்தான் கைகொடுத்தது. முதல் எட்டு வாரம் ஆட்டத்தைத் தவிர யாரும் எதுவும் பேசவில்லை.

பூனை வளர்ப்பவர்: பாம்பு வருமா?

வரும். புல்லை வெட்டி வையுங்கள். மற்றதைக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

நட்சத்திரம் பார்ப்பவர்: வானம்?

இதற்கு மட்டும் நிபந்தனையே இல்லாமல் வாருங்கள் என்பேன். வானத்தின் இருட்டை ஒன்று முதல் ஒன்பது வரை தரம் பிரிக்கும் போர்ட்டில் அளவுகோல் 2001இல் வந்தது. நகர மையம் எட்டு அல்லது ஒன்பது. என் வீட்டு மொட்டைமாடி நான்கு. நிலா இல்லாத இரவில் பால்வீதி தெரியும்.

மொட்டைமாடி: போய் டேப் பிடித்து அளந்துவிட்டு வந்தேன் சார். என் முகப்பு 60 மீட்டர். எதிரில் உள்ளதும் அவ்வளவுதான்.

அப்படியானால் உங்கள் பங்கு 30 மீட்டர். குழாய்க்கு மனு போடுங்கள், நானும் வேண்டுமானால் வரைபடம் போட்டுத் தருகிறேன். அதற்குள் கிணற்று நீரைச் சோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.