மூங்கில் வீட்டுச் சுவர்களின் வெப்பக் காப்பை மேம்படுத்துவது எப்படி?

மூங்கில் தட்டி வைத்துக் கட்டிய வீடு சித்திரை, வைகாசியில் பகல் முழுவதும் தகிக்கிறது, சுவர் வழியே வரும் வெப்பத்தைக் குறைக்க என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரைக்கு வடக்கே, அழகர்கோவில் செல்லும் வழியில் உள்ள எங்கள் தோப்பில் ஆறு ஆண்டுகளுக்கு முன் இரண்டு அறை மூங்கில் வீடு ஒன்றைக் கட்டினேன். அதன் மேற்குச் சுவரை மட்டும் மூன்று முறை பிரித்துக் கட்ட வேண்டியிருந்ததால், இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல முடியும்.

மூங்கில் வெப்பத்தை எளிதில் கடத்தாது; செங்கல் கடத்துவதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைத்தான் அது கடத்துகிறது. இருந்தும் வீடு சுடுவதற்குக் காரணம், சுவரில் நிற்பது பிளந்து பின்னிய அரை அங்குலத் தட்டி என்பதும், அந்தப் பின்னலின் இடுக்குகள் வழியே அனல்காற்று தடையின்றி நுழைகிறது என்பதும்தான். ஆகவே இடுக்குகளை அடைக்காமல் வேறு எதைச் செய்தாலும் பயன் பாதியாகக் குறைந்துவிடும். இந்தத் தட்டிச் சுவருக்கு ஒரு நற்குணமும் உண்டு. பகலெல்லாம் வெயில் குடித்த காரை வீட்டுச் சுவர் நள்ளிரவு வரை அனலைக் கக்கிக்கொண்டிருக்க, மூங்கில் சுவர் பொழுது சாய்ந்த சிறிது நேரத்திலேயே குளிர்ந்துவிடுகிறது. காப்புச் செய்கிறேன் என்று கனமான சிமெண்டுச் சுவரை எழுப்பி இந்தக் குணத்தை அழித்துவிடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

சுவரைத் தொடுவதற்கு முன், அதன்மேல் வெயில் விழாமல் தடுக்க வேண்டும். மதுரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்துப் பாகைக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருப்பதால், சித்திரை பிறக்கும்போது நண்பகல் சூரியன் ஏறத்தாழ நேர் உச்சியில் நிற்கிறது. அதன் பிறகு ஆவணி முற்பகுதி வரை சற்று வடக்கே சாய்ந்தே செல்கிறது. எனவே கடுங்கோடையில் தெற்குச் சுவரில் நேர் வெயில் விழுவதில்லை. பலரும் கவனிக்காமல் விடும் வடக்குச் சுவரில்தான் விழுகிறது. அதைத் தடுக்க இரண்டரை அடி இறவாரமே போதும். மேற்குச் சுவருக்கு இறவாரம் போதாது, ஏனெனில் மாலை வெயில் தாழ்வாக வந்து சுவரின் அடிவரை படிகிறது. நான் முதலில் அவரைக் கொடி ஏற்றினேன். ஆடியில் விதைத்த அவரை தையோடு ஓய்ந்துவிட, சித்திரையில் பந்தல் வெறும் குச்சியாக நின்றது. பிறகு ஆண்டு முழுவதும் பச்சையாக இருக்கும் கோவைக் கொடியை, சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளி நட்ட பந்தற்கால்களில் படரவிட்டேன். மாலை நான்கு மணிக்குக் கையை வைத்தால் பொறுக்க முடியாமல் இருந்த சுவர், கொடி அடர்ந்த பின் வெதுவெதுப்பாக மட்டுமே இருந்தது. கொடி வளரும்வரை பனையோலைத் தட்டியைக் கட்டி வைக்கலாம்.

அடுத்ததாக, சுவரை இரட்டைத் தட்டியாக மாற்றி நடுவில் நிரப்பும் முறையைப் பார்ப்போம். இரண்டு தட்டிகளுக்கு நடுவே வெறும் காற்றை அடைத்து வைத்தாலே ஓரளவு காப்புக் கிடைக்கும். ஆனால் இடைவெளியை ஓர் அங்குலத்துக்கு மேல் அகலப்படுத்துவதால் பெரிய லாபம் இல்லை, ஏனெனில் அதற்குள்ளேயே காற்று சுழன்று வெப்பத்தைக் கடத்தத் தொடங்கிவிடும். காற்றை அசையவிடாமல் பிடித்து வைக்கும் பொருள் தேவை. நம் பகுதியில் அதற்கு நெல் உமியைவிடப் பொருத்தமானது இல்லை. பெரியாற்றுப் பாசனம் பெறும் மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்து அரிசி ஆலைகளில் குறைந்த விலைக்கே கிடைக்கும். உமியின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 0.05 வாட்; செங்கல்லுக்கு 0.7, 0.8 என்ற அளவில் இருக்கும். கணக்கிட்டுப் பார்த்தால் இரண்டு அங்குல உமி, ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைப் போல் மூன்று மடங்குக்கு மேல் வெப்பத்தைத் தடுக்கிறது. உமியில் சிலிக்கா மிகுந்திருப்பதால் வைக்கோலைப் போல் விரைவில் மக்குவதும் இல்லை.

இவ்வளவு நல்ல பொருளையும் நான் முதல் முறை கெடுத்தேன். ஐப்பசி மழை நாட்களில், ஈரம் முழுவதும் போகாத உமியை அவசரப்பட்டு நிரப்பிவிட்டேன். இரண்டு மாதங்களில் பூஞ்சை நாற்றம் அடித்தது, உள்தட்டி கறுத்தது, எல்லாவற்றையும் பிரித்துக் கொட்ட வேண்டியதாயிற்று. உமியை இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைத்து, பத்துக்கு ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புத் தூள் கலந்து, அடிக்கடி குச்சியால் குத்தி இறுக்கி நிரப்புவதே சரி. நாளடைவில் அது அமுங்கி மேலே இடைவெளி விழும் என்பதால், சுவரின் தலைப்பில் கழற்றக்கூடிய பலகையை வைத்து ஆண்டுக்கு ஒருமுறை நிரப்ப வேண்டும். சுவரின் அடி, கல் அடித்தளத்தின்மேல் தரையிலிருந்து ஒன்றரை அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். எலி நுழையாதபடி கீழ்ப்பகுதியில் சிறுகண் கம்பி வலை அடிக்க வேண்டும். உமி கொழுந்துவிட்டு எரியாவிட்டாலும் உள்ளுக்குள்ளே கனன்றுகொண்டே இருக்கும். ஆகவே மின்கம்பிகளைச் சுவருக்குள் விடாமல், வெளியே குழாயில் கொண்டுசெல்லுங்கள். அடுப்பை ஒட்டிய சுவருக்கு உமி வேண்டவே வேண்டாம்.

நிரப்பும் முன் தட்டிகளை வெங்காரமும் (போராக்ஸ்) போரிக் அமிலமும் கலந்த கரைசலில் ஊறவைத்து உலர்த்தாவிட்டால், மூங்கில் உளுத்துக் கொட்டும். இந்த மருந்து மழையில் கரைந்து போகும் என்பதால் வெளித்தட்டிக்குப் பூச்சு கட்டாயம்.

பூச்சுக்குச் சிமெண்டைப் பயன்படுத்துமாறு கொத்தனார் வற்புறுத்தினார். இரண்டாம் முறை அதற்கு இணங்கினேன். வலை அடிக்காமல் நேரே தட்டிமேல் பூசியதால், மூங்கில் ஈரத்துக்கு உப்பிச் சுருங்கும்போதெல்லாம் பூச்சு வெடித்தது, வெடிப்பு வழியே மழைநீர் இறங்கியது. மூன்றாம் முறை, புளிக்கவைத்த செம்மண்ணில் நறுக்கிய வைக்கோலும் சாணமும் சேர்த்து இருபுறமும் முக்கால் அங்குலம் பூசி, வெளிப்புறம் சுண்ணாம்பு மணல் பூச்சுக் கொடுத்து, மேலே வெள்ளை அடித்தேன். இந்தப் பூச்சு மூங்கிலோடு சேர்ந்து அசைகிறது, இடுக்குகளை அடைக்கிறது. வெள்ளைச் சுண்ணாம்பு வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

தெர்மகோல் பலகைகளை வைக்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள். வெப்பத்தை நன்றாகத் தடுக்கும். ஆனால் தீப்பிடித்தால் உருகி நச்சுப் புகையை எழுப்பும் பொருளை மூங்கில் வீட்டுக்குள் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அலுமினியத் தாள் ஒட்டுவதானால் அதன் பளபளப்பான முகத்துக்கு எதிரே காற்று இடைவெளி இருக்க வேண்டும். உமியையோ பூச்சையோ ஒட்டி வைத்தால் அது வெறும் தாள்தான்.

சுவரை இவ்வளவு அடைத்த பிறகு, இடுக்குகள் வழியே தானாக வந்துகொண்டிருந்த இரவுக் காற்றும் நின்றுபோகும். எனவே எதிரெதிர்ச் சுவர்களில் கூரையை ஒட்டி, மூடித் திறக்கும் மூங்கில் சாளரங்களை வைத்து, காலை எட்டு மணிக்கு மூடி மாலை ஆறு மணிக்குத் திறக்கிறோம். உங்கள் கூரை தகரமாக இருந்தால், சுவருக்கு முன் அதைக் கவனியுங்கள். உச்சி வெயில் முழுவதையும் வாங்குவது அதுதான்.

சுவர் வேலையைத் தை மாதம் தொடங்குங்கள். உமியும் மண்பூச்சும் மாசி வெயிலில் நிதானமாகக் காயும். பங்குனிக்குள் சுண்ணாம்பு அடித்து முடித்துவிடலாம். கோவைக் கொடியை மட்டும் அதற்கு முந்தைய புரட்டாசியிலேயே நட்டுவிடுங்கள், அப்போதுதான் ஐப்பசி, கார்த்திகை மழையில் வேர் பிடித்துச் சித்திரைக்குள் பந்தலை மூடும்.