பொண்ணுக்கு ஏன் 'தாஸ்'?

கேள்வி: 6 மாசமா ஜெர்மன் படிக்கிறேன். ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னாடியும் டெர் (ஆண்பால்), டீ (பெண்பால்), தாஸ் (ரெண்டும் இல்லாதது)னு ஒண்ணு வருதே, அதை லிஸ்ட் போட்டு மனப்பாடம் பண்றேன், ரெண்டே நாள்ல மறந்துடுது. பொண்ணைக் குறிக்கிற 'மேட்ஷென்' கூட பெண்பால் இல்லயாம், 'தாஸ்'னு வருது! ஏன்னு கேட்டா, அது அப்படித்தான்ங்கிறாங்க. 41 வயசுல எனக்கு இது ஏறாதோ?
- ஒரு வாசகி

பதில்: வயச விடுங்க, இப்படி ஏன்னு கேட்டீங்க பாருங்க, அதையே பிடிச்சுக்கோங்க. அந்த 'ஷென்' இருக்கே, அது சின்னது, செல்லம்னு காட்டுற விகுதி, அது எந்தச் சொல்லோட வால்ல ஒட்டினாலும் அந்தச் சொல் 'தாஸ்' ஆயிடும். பூனை 'டீ கட்ஸெ', அதையே செல்லமா சொன்னா 'தாஸ் கெட்ஸ்ஷென்'. நம்ம தமிழ்ல ஆணா பெண்ணான்னு பொருளைப் பாத்து பால் சொல்றோம், அங்க நிறைய இடத்துல சொல்லோட வாலைப் பாக்கணும், இது புரிஞ்சப்பதான் எனக்கு அந்த மொழி மேல இருந்த கோவமே போச்சு. 'உங்', 'ஹைட்', 'கைட்'னு முடியற பெயர்ச்சொல் விகுதி வந்தா 'டீ', இப்படி ஒரு ஏனுக்குப் பதில் தெரிஞ்சா நூறு சொல்லோட பாரம் குறையுது.

எல்லாத்துக்கும் காரணம் கிடைக்காதுங்க, மேஜை ஏன் 'டெர் டிஷ்'னு தோண்டிட்டு உக்காராதீங்க, அத அப்படியே சேத்து சொல்லிப் பழகிடுங்க.

அப்புறம் தமிழை ஒதுக்கி வச்சுட்டு படிக்காதீங்க. குளிருதுன்னு சொல்ல 'மியர் இஸ்ட் கல்ட்'ம்பாங்க, 'மியர்'னா எனக்கு, அதாவது அப்படியே நம்ம 'எனக்குக் குளிருது'தான்! இங்கிலீஷ் வழியா போய் 'ஐ ஆம் கோல்ட்'டை அப்படியே 'இஷ் பின் கல்ட்'னு சொல்லிட்டா, ஈரமில்லாத மனசுக்காரிங்கிற மாதிரி அர்த்தம் மாறிடும்.

இன்னிக்கே ஒண்ணு செஞ்சு பாருங்க. 'தாஸ் க்ராங்கன்ஹவுஸ்'னா ஆஸ்பத்திரி, 'க்ராங்க்'னா உடம்பு சரியில்லாத, 'ஹவுஸ்'னா வீடு. கூட்டுச்சொல்லுக்கு கடைசிச் சொல்லோட டெர், டீ, தாஸ்தான் வரும், அதனால 'தாஸ்'. அப்போ 'டெர் வாகன்'னா வண்டின்னு தெரிஞ்சா 'க்ராங்கன்வாகன்' என்ன, அதுக்கு முன்னாடி என்ன வரும்னு அகராதியைப் பாக்காம சொல்லுங்க. வாகன்னதும் நம்ம வாகனம் ஞாபகம் வருதா? அது தற்செயல் இல்லீங்க, சமஸ்கிருத வாகனமும் ஜெர்மன் வாகனும் ஒரே ஆதி வேர்ல கிளைச்சதுங்க.