தண்ணீர் பீய்ச்சாத அவுட்போர்டு: முதலில் எதைப் பார்ப்பது?

மாயேபூர் தம்பிக்கு: உங்கள் படகின் பின்னால் மாட்டிய 15 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சினில் தண்ணீர் பீய்ச்சும் துளை சொட்டுகிறது, எஞ்சின் சூடாகிறது என்றீர்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு அந்தத் துளையில் மெல்லிய கம்பி விட்டுப் பாருங்கள். பாதி நேரம் உப்புக்கட்டிதான். அப்படியும் சரியாகவில்லையா, இம்பெல்லரை, அதாவது பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இறகுச் சக்கரத்தைப் பாருங்கள். கியர் கம்பியை இணைப்பிலிருந்து விடுவித்து, போல்ட்டுகளைக் கழற்றிக் கீழ்ப்பகுதியை இறக்குங்கள். புது இம்பெல்லரில் சோப்புத் தண்ணீர் தடவி, டிரைவ் ஷாஃப்டை (எஞ்சினிலிருந்து கீழே இறங்கும் சுழல்தண்டு) மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகத் திருப்பிக்கொண்டே பம்ப் மூடியை அழுத்துங்கள், இறகுகள் சரியான பக்கம் மடியும். இம்பெல்லரை ஷாஃப்டோடு பூட்டும் குட்டிச் சாவி (சின்ன உலோகத் துண்டு) தவறினால் இம்பெல்லர் சுற்றவே சுற்றாது. மணலில் விழுந்தால் தேடி மாளாது, கீழே துணி விரித்துக்கொள்ளுங்கள். பழையதில் இறகு ஒடிந்திருந்தால் துண்டுகளை எண்ணித் தேடி எடுங்கள். ஒன்று தெர்மோஸ்டாட்டில் (சூட்டுக்கேற்பத் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் வால்வு) சிக்கினாலும் மறுபடி சூடாகும். தண்ணீரில்லாமல் ஓட்டிப் பார்க்காதீர்கள், புது ரப்பர் நொடிகளில் கருகும்.