கோஷ் காரோயின் நிலக்காட்சிகளில் ஹங்கேரிய நாட்டார் மரபு எப்படி வெளிப்படுகிறது?

கட்டடக் கலைஞரும் எழுத்தாளருமான கோஷ் காரோய் (1883–1977), இன்று ருமேனியாவிலுள்ள டிரான்சில்வேனியாவின் கலோடசெக் வட்டாரத்து ஹங்கேரியக் கிராமங்களை ஊர் ஊராகச் சென்று வரைந்தவர் என்பதால், நாட்டார் மரபு அவருடைய படங்களில் மேலே ஒட்டிய அலங்காரமாக அல்லாமல் படத்தின் கட்டமைப்பாகவே அமைந்திருக்கிறது. செங்குத்தான கூரைகளும், நான்கு மூலைகளிலும் சிறுகோபுரங்கள் சூழ உயரும் தேவாலய மரக்கோபுரங்களும் அவருடைய மலைச்சரிவுகளில் திரும்பத் திரும்ப வருகின்றன.

இதில் அவர் தேர்ந்த ஊடகத்துக்கும் பெரும் பங்குண்டு. லினோலியம் என்னும் மென்மையான தரைவிரிப்புத் தகட்டைச் செதுக்கி மை தடவி அச்சிடும்போது இடைப்பட்ட சாயல்கள் கிடைப்பதில்லை. ஆகவே மலையும் மரமும் வீடும் தடித்த கறுப்பு வெள்ளைத் திரள்களாகச் சுருங்கி, மரச்செதுக்கு வேலைக்குரிய உறுதியைப் பெறுகின்றன. 1922இல் ஸ்தானா கிராமத்தில் தாமே செதுக்கி அச்சிட்ட 'டிரான்சில்வேனியாவின் கற்கள்' என்ற நூலை அவருடைய நூற்கலையின் உச்சங்களில் ஒன்றாகவே நான் கருதுகிறேன், ஏனெனில் அதில் எழுத்தும் படமும் ஒரே கையின் வேலை.

1924இல் கொலோஷ்வாரில் (இன்றைய க்ளூஜ் நகரம்) தொடங்கிய டிரான்சில்வேனிய நுண்கலை நூற்குழுவின் பதிப்புகளுக்கும் அவர் வடிவம் தந்தார். டிரான்சில்வேனியா 1920இல் ஹங்கேரியிடமிருந்து ருமேனியாவுக்குச் சென்றிருந்த அக்காலத்தில், அங்கிருந்த ஹங்கேரியர்களுக்குத் தம் ஊர்களின் உருவம் தாங்கிய அழகிய நூல் அரியதொரு பற்றுக்கோடாக இருந்தது.