நடு பில்லருக்கு 80 ஆ, 100 ஆ?

கேள்வி: மேடவாக்கத்தில் ஒரு வீட்டு வேலையில் சைட் இன்ஜினியராக இருக்கிறேன். மூன்று பில்லர்கள் மேல் 4 மீட்டர், 4 மீட்டர் என ஒரே பீம் ஓடுகிறது. பாரம் மீட்டருக்கு 20 கிலோநியூட்டன். ஸ்டாட் புரோ மென்பொருள் நடு பில்லருக்கு 100 கிலோநியூட்டன் காட்டுகிறது. பில்லருக்குப் பில்லர் தனித்தனி ஸ்பானாக, இரண்டு தனி பீம் போலப் போட்டால் 80தான் வருகிறது. கையால் சரிபார்ப்பது எப்படி?

பதில்: 100தான் சரி. தாங்கிகள் மூன்று, சமநிலைச் சமன்பாடுகளோ இரண்டு. குறைகிற ஒன்றை பீமின் தொய்விலிருந்து எடுக்க வேண்டும்.

நடு பில்லர் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 மீட்டர் பீம் நடுவில் தொய்யும். கீழிருந்து எவ்வளவு விசை கொடுத்தால் அந்தத் தொய்வு பூஜ்யமாகும்? பரவிய பாரத்துக்கு 5/384, நடுவில் ஒற்றை விசைக்கு 1/48 என்று வரும் இரண்டு தொய்வுச் சூத்திரங்களையும் சமப்படுத்தினால், மொத்தப் பாரத்தில் எட்டில் ஐந்து பங்கு. மொத்தம் 160, ஆக 100. ஓர பில்லர்களுக்கு 30, 30.

இனி மொமெண்ட், அதாவது பீமை வளைக்கும் திருப்புவிசை, சுலபம் (அலகு கிலோநியூட்டன்-மீட்டர்). நடு பில்லர் மேல் 30 × 4 − 20 × 4 × 2 = −40. அதாவது பீமின் மேல்பக்கம் இழுபடுகிறது. ஸ்பானுக்குள் அதிகபட்சம், ஓரத்திலிருந்து 1.5 மீட்டரில், 22.5. தனி ஸ்பான் கணக்கை நம்பியிருந்தால் கம்பியெல்லாம் அடியில் போயிருக்கும். நடு பில்லர் மேல் விரிசல் விட்டிருக்கும். மொமெண்ட் குறி மாறுவது நடு பில்லரிலிருந்து 1 மீட்டரில். எக்ஸ்ட்ரா டாப் கம்பி அதைத் தாண்டிப் போகிறதா என்று கான்கிரீட் போடும் முன் டேப் வைத்து நீங்களே அளந்துவிடுங்கள்.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456-இல் மொமெண்ட் கெழுக்கள் தரும் அட்டவணை 12 இங்கே உதவாது. அது மூன்று ஸ்பானுக்குக் குறையாத பீமுக்கு. லைவ் லோடு (ஆட்கள், சாமான்கள் போன்ற மாறும் பாரம்) ஒரு ஸ்பானில் மட்டும் நிற்கும் நிலையையும் பாருங்கள், ஸ்பானுக்குள் வந்த 22.5 அப்போது இன்னும் அதிகமாகும்.

எனக்குக் கவலை மண்தான். பள்ளிக்கரணைச் சதுப்பு பக்கத்துக் களிமண்ணில் பில்லர்கள் ஒரே அளவில் இறங்கும் என்று நம்ப முடியாது. 230 × 450 மில்லிமீட்டர் பீம், எம்20 தரக் கான்கிரீட், விரிசல் இல்லாத நிலை என்று வைத்தால், நடு பில்லர் மட்டும் 10 மில்லிமீட்டர் இறங்கினாலே மொமெண்ட் 73 மாறுகிறது. மேலே இருந்த 40 போய், கீழே 33 இழுக்கும். விரிசலும் நாள்பட்ட தளர்வும் இதைக் குறைக்கும், ஆனாலும் ஒதுக்கிவிடக்கூடிய அளவல்ல. சாயில் டெஸ்ட் அறிக்கை சொல்லும் இறக்கத்தை ஸ்டாட் புரோவில் நடு தாங்கிக்குக் கொடுத்து ஒருமுறை ஓட்டுங்கள். அடிக் கம்பியை நடு பில்லரில் நிறுத்தாமல் தொடர்ந்து கொண்டுபோகச் சொல்லுங்கள்.